எலுமிச்சையளவு எந்திரம்

கேட்பவரே, உங்களிடம் ஒரு கேள்வி. அவசரமாக விடை சொல்ல வேண்டாம், இரண்டு உள்ளங்கைகளையும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் வியந்து நின்ற பொருள்களில் எதையெல்லாம் கழற்றிப் பார்த்தீர்கள், எதையெல்லாம் கும்பிட்டுவிட்டு நகர்ந்தீர்கள்? இதை ஓர் ஊர் தன்னிடமே கேட்டுக்கொள்ள மறந்தது. அந்த மறதியில் ஒரு பெண்ணின் படிப்பு ஏறக்குறைய பறிபோயிற்று.

ஊர் ஊசிமலைப்பாளையம். கோயமுத்தூருக்குக் கிழக்கே, சோளக்காட்டுக்கும் நூற்பாலைச் சுவருக்கும் நடுவே அங்கே ஒரு பாலிடெக்னிக் இருந்தது. அதன் எந்திரவியல் துறையில் சேருவோர் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தனர். சேர்ந்தவர்களும் அரத்தைப் பிடிக்கும்போது பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்தனர். அதைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்த பணிமனைப் பயிற்றுநர் ஆரோக்கியதாஸ், பிள்ளைகளுக்கு ஆசை ஊட்டவேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், பித்தளைத் துண்டு ஒன்றைக் குடைந்து சிலிண்டர் ஆக்கி, சைக்கிள் கம்பியை அறுத்துத் தண்டு ஆக்கி, வாசனைத் தைல டப்பாவைக் கொதிகலன் ஆக்கி, எலுமிச்சம்பழ அளவே உள்ள ஒரு நீராவி எந்திரத்தைத் தம் கையாலேயே செய்து முடித்தார். முதல்வர் தெய்வசிகாமணி அதற்கு ஒரு கண்ணாடிப் பெட்டி செய்வித்துத் தாழ்வாரத்தில் வைத்தார். திறப்பு விழாவில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றினார்கள், சக்கரம் சுற்றியது, கைதட்டினார்கள், விளக்கை அணைத்து, தண்ணீரை வடித்து, பெட்டியைப் பூட்டினார்கள்.

மறுநாள் காலை, பணிமனை திறந்து பிள்ளைகள் வேலையில் இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம், பூட்டிய பெட்டிக்குள் அந்த எந்திரம் தானாக ஓடத் தொடங்கிற்று.

முதலில் பார்த்தவர் காவலாளி மாரப்பன்.

"சார், உங்க பொம்மை ஓடிக்கிட்டிருக்குதுங்."

"வெளக்கை யாரு பத்த வெச்சது?" என்றார் ஆரோக்கியதாஸ்.

"வெளக்கும் இல்லீங், தண்ணியும் இல்லீங். அதும்பாட்டுக்கு ஓடுது. நின்னுரும் நின்னுரும்னு பாத்தேன், நிக்கறாப்புல தெரியலீங். அதான் வந்தேன்."

மின்கசிவாக இருக்கும் என்று முதல்வர் சொன்னதால் எலக்ட்ரீசியனை அழைத்து மெயினை அணைத்தார்கள். கட்டடம் முழுவதும் மின்விசிறிகள் நின்றன, எந்திரம் நிற்கவில்லை. எலக்ட்ரீசியன் குனிந்து பார்த்து, "இது நம்ம லைன்ல வர்லீங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டு போனார். அத்துடன் ஆராய்ச்சி முடிந்தது. தண்ணீரும் தீயும் இல்லாமல் ஒரு நீராவி எந்திரம் ஓடுவதை ஊர் அந்த ஒரு முற்பகலிலேயே ஏற்றுக்கொண்டது, டீக்கடையில், "இதுக்கு டேக்ஸ் போடுவானா, மாட்டானா?" என்பது ஒன்றே விவாதமாக எஞ்சியது.

பிறகு மக்கள் வரத் தொடங்கினார்கள். ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வற்றியவர்கள் அந்த இடத்து மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்து பெட்டியின்மேல் வைத்தார்கள். புது வண்டி வாங்கியவர்கள் சாவியைக் கண்ணாடியில் தொட்டு எடுத்தார்கள். அரியர் வைத்திருந்த மாணவர்கள் நெற்றியைக் கண்ணாடியில் ஒற்றியதால் அதில் வரிசையாக எண்ணெய்த் திட்டுகள் படிந்தன. பேருந்து நடத்துநர்கள், "இன்சின் ஸ்டாப்பு எறங்கு" என்று கூவினார்கள். வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது வழக்கமல்லவா? இங்கே பழமும் எந்திரமும் ஒரே அளவாக இருந்ததால், ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, எந்திரத்தின் சக்கரத்தடியில் சுண்டைக்காய் வைத்து நசுக்குவது என்று முடிவு செய்தார்கள். நசுங்கிய சுண்டைக்காய் பிரசாதமாயிற்று. கசக்கும் பிரசாதம் என்பதால் அதற்கு மதிப்பும் கூடிற்று.

எந்திரம் ஓயாமல் ஓடியது என்று எண்ணிவிடாதீர்கள். மாலையில் கல்லூரி விட்டதும் அது நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அசையவே இல்லை. மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் அடங்கி, பிள்ளைகள் டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டுப் பணிமனைக்குத் திரும்பியதும் மெல்ல மூச்செடுத்தது.

"கவுர்மெண்டு உத்தியோகம் பண்ணுதப்பா" என்றார் மாரப்பன். "பென்சன் மட்டுந்தான் பாக்கி."

ஊர் அவருடைய விளக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆயுத பூஜையன்று, பணிமனையின் அரம், சுத்தியல், துளைப்பான் எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்துச் சரஸ்வதி படத்தின் முன் வரிசையாக அடுக்கி, வழக்கப்படி ஒருவரும் எந்தக் கருவியையும் தொடாமல் இருந்த அந்த ஒரு நாளில், பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தும் எந்திரம் விடியலிலிருந்து அசையாமல் கிடந்தது. மறுநாள் விஜயதசமி பூஜை முடிந்து கருவிகளைக் கையில் எடுத்து வேலையைத் தொட்டதும் அது மீண்டும் சுற்றியது. "அதுக்கிருக்குற பக்தி நமக்கில்ல பாருங்க" என்று முதல்வர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். பலருக்குக் கண் கலங்கியது. மனிதர் தம் எதிரே நிற்கும் அதிசயத்தில் தம்முடைய பழக்கங்களையே கண்டு மகிழ்கிறார்கள். அதிசயம் தன் பங்குக்கு என்ன சொல்கிறது என்று செவிசாய்ப்பவர் அரிது.

கூட்டம் பெருகவே, அதை ஒழுங்குபடுத்த ஆள் வேண்டியிருந்தது. எந்திரவியல் மாணவர்களின் சட்டையில் தொண்டர் என்ற சின்னம் குத்தப்பட்டது; பணிமனை வகுப்பு நேரத்தில் அவர்கள் கயிறு பிடித்து வரிசையை நிறுத்தினார்கள். ஆரோக்கியதாஸ் பெட்டியின் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று, அதைத் தாம் செய்த விதத்தைக் காலை முதல் மாலை வரை சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லச் சொல்லக் கதை நீண்டது, உள்ளங்கையில் காய்த்திருந்த தடிப்பு கரைந்தது. லேத்தின்மேல் தார்ப்பாய் விழுந்தது. எந்திரத்தின் ஓட்டமும் தளர்ந்தது.

"சத்தம் அதுக்கு ஒத்துக்கலை" என்று முதல்வர் கண்டறிந்து, மௌனம் காக்கவும் என்று பலகை மாட்டினார்.

அந்த மௌனத்துக்குள் ஒரே ஒரு சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. பணிமனையின் ஒரு மூலையில், இரண்டாம் ஆண்டு மாணவி தேன்மதி ஒரு பித்தளைத் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். திறப்பு விழா நாளில் எல்லாரும் கைதட்டியபோது தட்ட மறந்து நின்றவள் அவள். இதைப்போல் ஒன்று தானும் செய்யவேண்டும் என்ற ஆசை அன்று அவளைப் பிடித்துக்கொண்டது. ஆரோக்கியதாஸ் எதற்காக அந்த எந்திரத்தைச் செய்தாரோ அது அந்தக் கல்லூரி முழுவதிலும் அவள் ஒருத்தியிடம்தான் நடந்திருந்தது, அவருக்கோ அதைக் கவனிக்க நேரமில்லை. சிலிண்டருக்குப் பித்தளை வேண்டும் என்று வீட்டு வாசல் குழாயின் திருகைக் கழற்றி வந்துவிட்டாள். வீட்டில் குழாய் வாயைத் துணியால் கட்டி வைத்திருந்தார் அவள் தாய் மயிலாத்தாள்.

"ஊரெல்லாம் அதைக் கும்பிட்டு வரம் கேக்குது, நீ ஊட்டுக் கொழாயப் புடுங்கறே" என்றார் தாய். "எந்த நேரத்துல உன்னையப் பெத்தனோ!"

"கும்பிட்டாக் கொழாய் வருமாம்மா?"

"வாய் மட்டும் நல்லா ஓடுது. அதுக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்."

அவளுடைய பிஸ்டன் சிலிண்டருக்குள் சிக்கிக்கொண்டே இருந்தது. உப்புத்தாளில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பாள், நுழைத்துப் பார்ப்பாள், சிக்கும், மறுபடி தேய்ப்பாள்.

தை மாதத்தில் மேலிடத்திலிருந்து செய்தி வந்தது. ஆள் குறைந்த துறைகளை மூடப்போகிறார்கள். மூடுவதா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு வருகிறது. மூடினால் மாணவர்களை வேறு மாவட்டத்துக் கல்லூரிக்கு மாற்றுவார்களாம். அவ்வளவு தூரம் மகளை அனுப்ப மயிலாத்தாளால் முடியாது. "மூடுனா மூடட்டும் அம்மிணி. பனியன் கம்பெனி வண்டி ஊட்டு வாசலுக்கே வருது. ஏறி உக்காந்தாச் சோலி முடிஞ்சுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தேன்மதி எதிர்த்துப் பேசியிருப்பாள். அவர் அவள் தலையை வாரிக்கொண்டே சொன்னார்.

முதல்வருக்கும் துறையைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு உண்மையாகவே இருந்தது. அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. குழு வரும் நாளில் எந்திரம் விசையாக ஓடிக்காட்டினால் எவரும் மூடத் துணியமாட்டார் என்று அவர் நம்பினார். ஆகவே அதற்கு முழு அமைதி தரவேண்டி, பணிமனையையே பூட்டச் செய்து, அந்தச் சாவியையும் காணிக்கையாகக் கண்ணாடிப் பெட்டிக்குள், எந்திரத்தின் காலடியில் வைத்துப் பெட்டியைப் பூட்டினார்.

சாவி உள்ளே விழுந்த அன்றே எந்திரம் அடியோடு நின்றது.

பால் அபிஷேகம் செய்தார்கள், கண்ணாடிமேல்தான். பொங்கல் வைத்தார்கள். சுண்டைக்காயை மலையாக வைத்தார்கள். பணிமனைப் பூட்டை மட்டும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழி சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டபோது எல்லாருக்கும் ஒரே பெயர் நினைவுக்கு வந்தது.

"நாளு முச்சூடும் கரகரன்னு தேச்சுத் தேச்சு அதுக்குக் கோவத்த வரவெச்சுட்டா" என்று வரிசையில் நின்ற பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

முதல்வர் அவளை அழைத்தார். "குழு வர்ற அன்னிக்கு மட்டும் நீ வராம இரும்மா. உன்னைத் தப்பு சொல்லலை. எதுக்கு வம்பு?"

"மூடிட்டாங்கன்னா அதுதானுங்க சார் எனக்குக் கடைசி நாளு" என்றாள் தேன்மதி.

அவள் வந்தாள். பணிமனை பூட்டியிருந்ததால் அதன் கதவடிப் படியில், தாழ்வாரத்திலேயே உட்கார்ந்தாள். குழுவின் தலைவர், பேராசிரியர் வஹீதா பானு, இன்னும் இருவரோடு பெட்டியின் முன் நின்றிருந்தார். ஆரோக்கியதாஸ் எந்திரம் பிறந்த கதையை நெடுக விவரித்துக்கொண்டிருந்தார். முதல்வரின் உதடுகள் ஓசையில்லாமல் வேண்டிக்கொண்டிருந்தன. எந்திரம் செத்த வண்டுபோல் கிடந்தது.

"நேத்து வரைக்கும்..." என்று தொடங்கினார் முதல்வர்.

"எல்லா ஊர்லயும் நேத்து வரைக்கும்தான் ஓடியிருக்கு சார்" என்றார் வஹீதா பானு.

எல்லாம் முடிந்தது என்று தேன்மதிக்குத் தெரிந்தது. அழுகை வரும்போல் இருந்தது. அழுதால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்பதால், பையிலிருந்து பிஸ்டனை எடுத்து, உப்புத்தாளில் வைத்து, தலையைக் குனிந்துகொண்டு தேய்த்தாள்.

பெட்டிக்குள் சக்கரம் அசைந்தது. டுக் என்றது. பிறகு டுக் டுக் என்று ஓடிற்று.

முதல்வர் கைகூப்பினார், அதே மூச்சில் சத்தம் காதில் பட, "தேன்மதி! நிறுத்து!" என்று பதறினார். அவள் நிறுத்தினாள். எந்திரமும் நின்றது.

மாரப்பன்தான் முதலில் பேசினார்: "அம்மிணி, மறுக்காத் தேயி."

தேய்த்தாள், ஓடிற்று. நிறுத்தினாள், நின்றது. ஆயுத பூஜை, ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மணி, தார்ப்பாய், பூட்டு என்று ஒவ்வொன்றாக ஆரோக்கியதாஸின் முகத்தில் வந்து போயின. அவர் தம் வெள்ளைச் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டார்.

"பணிமனை எங்கே?" என்று கேட்டார் வஹீதா பானு.

"பூட்டியிருக்குங்க மேடம். எந்திரத்துக்குத் தொந்தரவா இருக்கும்னு..."

"சாவி?"

முதல்வர் பெட்டியைக் காட்டினார். ஆரோக்கியதாஸ் பூட்டைத் திறந்து, அத்தனை மாதங்களில் முதன்முறையாக உள்ளே கை விட்டு, சுண்டைக்காய்க் குவியலைத் துழாவிச் சாவியை எடுத்தார். கை பட்டும் இடம் கொஞ்சம்கூடத் தீட்டாகவில்லை.

"இது தானா ஓடுறதைப் பத்தி நான் ஒண்ணும் எழுத முடியாது" என்றார் வஹீதா பானு. "எரிபொருள் இல்லாம ஓடுற வண்டிக்கு நான் என்ன பாடம் சொல்லித் தர? பசங்க செஞ்சது என்ன இருக்கு? அதைக் காட்டுங்க."

காட்டுவதற்கு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. தேன்மதி சிலிண்டரையும் பிஸ்டனையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினாள்.

"இது ஓடுமா?"

"ஓடாதுங்க மேடம். சிக்குது."

"எப்ப ஓடும்?"

"ஒர்க்ஷாப்பத் திறந்து விட்டீங்கன்னா, பொழுது விழறதுக்குள்ள ஓட்டிக் காட்டிருவேனுங்க."

வஹீதா பானு மற்ற இருவரையும் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலி கேட்டார்.

அந்த மதியம் ஊசிமலைப்பாளையத்தில் நடந்ததை அதிசயம் என்று யாரும் சொல்லவில்லை. சின்னம் குத்திய தொண்டர்கள் கயிற்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள், தார்ப்பாய் விலகியது, ஒருவன் தண்டை நிமிர்த்த, ஒருத்தி விளக்குக்குத் திரி திரிக்க, ஆரோக்கியதாஸ் கொதிகலனுக்கு மூடி அறுக்க முனைந்து, கை கொப்பளித்து, "ஐயையோ, பஞ்சு மாதிரி ஆயிருச்சே" என்று தம்மையே திட்டிக்கொண்டார். வெளியே, திறந்த பெட்டிக்குள், எந்திரம் முன்னெப்போதும் இல்லாத விசையில் சக்கரம் தெரியாதபடி சுழன்றது. அதைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை.

வெயில் சரியும் நேரத்தில் தேன்மதி விளக்கை ஏற்றினாள். தண்ணீர் சூடேறியது, முனகியது, கொதித்தது. அவள் சக்கரத்தை விரலால் ஒருமுறை தள்ளினாள். அது தட்டுத் தடுமாறிச் சுற்றி, நிமிர்ந்து, சில சுற்றுகள் கடகடவென்று ஓடி, வஹீதா பானுவின் புடவைமேல் வெந்நீரைத் துப்பிவிட்டு நின்றது.

கூரை அதிரக் கத்தினார்கள். தீயும் தண்ணீரும் இன்றி மாதக்கணக்கில் ஓடிய எந்திரத்துக்கு அந்தப் பிள்ளைகள் ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை.

"ஏன் நின்னுச்சு?" என்று கேட்டார் வஹீதா பானு, புடவையை உதறியபடி.

முதல்வர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தேன்மதி முந்திக்கொண்டாள்: "தெரியலீங்க மேடம். கழட்டிப் பாக்கோணும்."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். "இதைத்தான் எழுதப்போறேன்" என்றார்.

துறையை மூடவில்லை. அந்தச் செய்தி வந்த காலையில் பனியன் கம்பெனி வண்டி வாசலில் வந்து ஒலி எழுப்ப, மயிலாத்தாள் வெளியே வந்து, "அவ வர்ல, நீ போ சாமி" என்றவர், வண்டி நகர்ந்ததும் ஏதோ நினைத்துக்கொண்டு, "வர்றப்ப டவுன்ல நல்லதா ஒரு கொழாய் வாங்கிட்டு வா! பித்தளையில வேண்டாம், பிளாஸ்டிக்குல!" என்று பின்னாலேயே கூவினார்.

எலுமிச்சையளவு எந்திரம் இன்றும் அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிறது. பெட்டிக்குக் கண்ணாடி இல்லை. அதைப் பிள்ளைகள் வேறு எதற்கோ அறுத்து எடுத்துக்கொண்டார்கள். மாரப்பன் தம் தொப்பியை எந்திரத்தின்மேல் கவிழ்த்து வைக்கிறார். அடியில் அது ஓடுகிறதா என்று என்னைக் கேட்டால், தெரியாது. பணிமனையிலிருந்து வரும் இரைச்சலில் அங்கே எதுவும் காதில் விழுவதில்லை, தொப்பியைத் தூக்கிப் பார்க்கவும் யாருக்கும் நேரமில்லை.

கேட்பவரே, மாணவரே, மாணவரைப் பெற்றவரே, கல்லூரியை நடத்துபவரே! உங்கள் வீட்டிலும் அலமாரிக்குள் மரியாதையாகப் பூட்டப்பட்ட கருவி ஒன்று இருக்கிறது. உங்கள் நிறுவனத்திலும் விருந்தினர் வரும் நாளில் மட்டும் துடைக்கப்படும் லேத் ஒன்று இருக்கிறது. உங்கள் மேசை இழுப்பறையிலும் என்றோ நின்றுபோன கடிகாரம் ஒன்று கிடக்கிறது, அதன்மேல் கையை வைக்காதே என்று நீங்கள் அதட்டிய பிள்ளை பக்கத்து அறையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. நல்ல நாள் பார்க்காதீர்கள். இதைக் கேட்டு வியந்தோம் என்றும் இருந்துவிடாதீர்கள். இன்றைக்கே, பொழுது விழுவதற்குள், சாவியை எடுத்து அந்தப் பிள்ளையின் கையில் கொடுங்கள், திருப்புளியையும் கொடுங்கள், அது ஏன் ஓடவில்லை என்று கேளுங்கள், தெரியவில்லை, கழற்றிப் பார்க்கவேண்டும் என்று பதில் வந்தால், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, வெளிச்சம் மறைக்காமல் இருங்கள்.